200 மில்லிசெகண்ட்

"லாஸ்லெஸ்னு சொல்லித்தானே கொடுத்தீங்க? அதுலயே டிராப் பண்ண நீங்களே ஒரு கமாண்டும் போட்டு வச்சிருக்கீங்களே, தம்பி?"

ஸ்டோரேஜ் டீம் சீனியர் கேட்டார். அவர்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுத்தவன் நான்; லாஸ்லெஸ், அதாவது வழியில் ஒரு பாக்கெட்டும் டிராப் ஆகித் தொலையாது என்று சொல்லியிருந்தேன். அவர் குரலில் கோபமில்லை. "அது வாட்ச்டாக் சார், ஃபேப்ரிக்கைக் காப்பாத்த" என்றேன். பதில் சரிதான்: ஒரு கியூ ரொம்ப நேரம் அடைபட்டே நின்றால் அதில் இருப்பதை வாட்ச்டாக் தூக்கி எறிவது, ஃபேப்ரிக் என்கிற மொத்த சுவிட்ச் வலையும் அடைபடாமல் இருக்கத்தான். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை.

பிஎஃப்சி என்பது, பஃபர் நிரம்பப் போகும்போது அனுப்புகிற பக்கத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லும் முறை; அந்த 'நிறுத்து' செய்திதான் பாஸ் (pause) ஃபிரேம். அதை 3-ம் பிரையாரிட்டிக்கு மட்டும் ஆன் செய்திருந்தேன். பழைய பாஸ் முறை லிங்க் முழுவதையும் நிறுத்திவிடும். 2011-ல் வந்த இந்தத் தரம் எட்டு பிரையாரிட்டிகளில் வேண்டியதை மட்டும் நிறுத்தும். நிறுத்தச் சொன்ன பிறகும் வந்து சேர்வதற்கான இடமாக, கேபிள் நீளம் பார்த்து ஹெட்ரூம் ஒதுக்கி, பஃபர் நிரம்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கச் சொல்லும் இசிஎன் குறியிடும்படி வைத்து, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அன்று ஒரு ஸ்டோரேஜ் நோடின் போர்ட் பாஸ் அனுப்பிக்கொண்டே இருந்தது. 200 மில்லிசெகண்ட் தாண்டியதும் வாட்ச்டாக் அந்தக் கியூவைக் காலி செய்தது. அந்த நோடில் டேட்டா எழுதப் போன ரைட் கோரிக்கைகள் டைம்-அவுட் ஆயின. மற்ற ரேக்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

100 ஜி போர்ட்டில் ஒரு பாஸ் ஃபிரேம் அதிகபட்சம் 335 மைக்ரோசெகண்டுதான் நிறுத்தி வைக்கும். 200 மில்லிசெகண்ட் அடைத்து வைக்க, முழு நீள பாஸையே சுமார் 600 தடவை அடுத்தடுத்து அனுப்ப வேண்டும். அது பழுதான நெட்வொர்க் கார்டு செய்கிற வேலை. இப்படி ஒரே கார்டு நெட்வொர்க் முழுவதையும் முடக்கிவிடலாம் என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2016-லேயே எழுதியிருக்கிறார்கள். விட்டிருந்தால் சர்வர்கள் இணையும் லீஃப் சுவிட்ச் நிரம்பி, லீஃபுகளை இணைக்கும் ஸ்பைன் சுவிட்சை நிறுத்தும், ஸ்பைன் மற்ற லீஃபுகளை நிறுத்தும். சம்பந்தமே இல்லாத சர்வர்களும் நிற்கும்.

ஆனால் கார்டு பழுது என்று யாரும் நிரூபிக்கவில்லை. "அது திணறிக்கிட்டு இருந்துச்சு, கொஞ்சம் பொறுங்கன்னு கேட்டுச்சு" என்றார் அவர். திணறுகிற நோடும் பழுதான கார்டும் அனுப்புவது ஒரே பாஸ் ஃபிரேம்தான். சுவிட்சுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

அவர் பழகிய ஸ்டோரேஜ் நெட்வொர்க்கான ஃபைபர் சேனலிலும் டிராப் உண்டே என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போகும் வழியில்தான் தோன்றியது. சிஸ்கோவின் ஃபைபர் சேனல் சுவிட்சான எம்டிஎஸ்-ல் நெரிசலில் மாட்டிய ஃபிரேமுக்கு இயல்பான கெடு 500 மில்லிசெகண்ட். நல்ல வாதம் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது: அவர் பழகி வந்த உலகம் 500 தந்தது, நான் 200 தந்தேன். அன்றைக்கு அந்த நோடுக்கு இன்னும் 300 போதுமானதாக இருந்திருக்குமா? லாகில் அதற்கு விடை இல்லை.

ஸ்டோரேஜ் போர்ட்டுகளுக்கு மட்டும் 400 என்று ஒரு சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட்டிருக்கிறேன். அந்தக் கூடுதல் நேரத்தில் ஸ்பைன் வரை அடைத்தால், அப்போது என்னிடம் வந்து கேட்பவர் அவராக இருக்க மாட்டார், வேறு டீம்காரர். அதுவும் தெரிந்துதான் போட்டிருக்கிறேன்.