கழித்தல் குறி போட்ட சாம்பல்: மூலிகைத் தரச் சோதனைச் செய்முறைத் தேர்வு, இரண்டாம் முறை

முடிவு வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. பார்மகாக்னசி (மருந்து மூலிகைகளைப் பற்றிய பாடம்) செய்முறைத் தேர்வில் இந்த முறை தேறிவிட்டேன். சென்ற முறை தேறவில்லை. எழுத்துத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியும் செய்முறையில் மட்டும் விழுந்த ஒருவனின் குறிப்பு இது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். எனக்கு அடிபட்ட இடத்தைத்தான் நான் அதிகம் சுட்டிக்காட்டுவேன். சினாப்சிஸ் (சுருக்கமாக எழுதுவது), மேஜர் (பெரிய சோதனை), மைனர் (சிறிய சோதனை), ஸ்பாட்டர் (பார்த்து அடையாளம் காண்பது), வைவா (வாய்மொழித் தேர்வு) என்ற வரிசையை இதற்கு மேல் விளக்கப்போவதில்லை.

முதல் முறை எனக்கு மேஜராக வந்தது ஓர் இலைத் தூளின் சாம்பல் மதிப்புகள், அதாவது தூளை எரித்த பிறகு மிஞ்சும் சாம்பலின் விழுக்காடுகள். மொத்தச் சாம்பலும், நீரில் கரையும் சாம்பலும் கண்டுபிடிக்க வேண்டும். பாடத்திட்டத்திலேயே எளிதான சோதனை என்று உள்ளூர மகிழ்ந்தேன். இரண்டு கிராம் தூளைக் க்ரூசிபிளில் (தீ தாங்கும் சிறு கிண்ணத்தில்) மெல்லியதாகப் பரப்பி, முதலில் சிறு தீயில் புகை அடங்கும்வரை கருக்கி, பிறகு மஃபிள் உலையில் 500 முதல் 600 டிகிரி செல்சியஸுக்குள் கரி முழுவதும் நீங்கி வெளுக்கும்வரை எரித்தேன். அதுவரை ஒரு பிழையும் இல்லை. உலையிலிருந்து எடுத்தபோது தராசுக்கு முன்னால் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வரிசை சட்டென்று நகர்ந்து என் முறை வந்துவிட்டது. அதை விட மனமில்லாமல், டெசிக்கேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய கலத்தில்) ஐந்து நிமிடம்கூட இராத க்ரூசிபிளை எடுத்துத் தராசில் வைத்துவிட்டேன். கடைசி இலக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. சற்று நின்றாற்போலத் தோன்றிய ஒரு நொடியில் எண்ணைக் குறித்துக்கொண்டேன். சாம்பல் 142 மில்லிகிராம், அதாவது 7.1 விழுக்காடு.

அடுத்து 25 மில்லி நீர் விட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, சாம்பலற்ற வடிதாளில் வடித்து, வெந்நீரால் கழுவி, கரையாமல் நின்றதைத் தாளோடு அதே க்ரூசிபிளில் இட்டு, 450 டிகிரிக்கு மிகாமல் 15 நிமிடம் எரித்தேன். இந்த முறை தராசு கிடைக்க வெகுநேரம் ஆனதால், என் சாமர்த்தியம் எதுவும் இல்லாமலேயே க்ரூசிபிள் நன்றாக ஆறிவிட்டிருந்தது. கரையாத சாம்பல் 147 மில்லிகிராம் என்று தராசு காட்டியது. மொத்தத்தில் இதைக் கழித்தால்தான் கரையும் சாம்பல் கிடைக்கும். 142-இல் 147-ஐக் கழித்தேன். கழித்தல் 0.25 விழுக்காடு.

அப்படி ஒரு சாம்பல் உலகத்தில் கிடையாது. சூடான க்ரூசிபிள் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி மேலெழச் செய்கிறது. அந்தக் காற்றோட்டமும் மிதப்பு வேறுபாடும் சேர்ந்து தராசில் எடையைக் குறைத்துக் காட்டுகின்றன. முதல் எடையைச் சூட்டிலும் இரண்டாவதை ஆறிய பின்னும் எடுத்ததால், கரைத்துக் கழுவிய பிறகு சாம்பல் கூடியதுபோல ஆகிவிட்டது. இந்தக் காரணம் எனக்குத் தெரியாததன்று. ஆனால் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அதனினும் பெரிய தவறு அதற்குப் பிறகு நான் செய்தது. 142-இல் இருந்த 4-ஐ 5 ஆக்கினேன். தேர்வாளர் தாளை விளக்குக்கு நேரே ஒருமுறை பிடித்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த மாணவரைக் கூப்பிட்டார். கழித்தல் குறியை அப்படியே விட்டு, அதன் கீழே காரணத்தை இரண்டு வரியில் எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்ணாவது வந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். திருத்தப்பட்ட எண்ணுக்கு யாரும் மதிப்பெண் கொடுக்கமாட்டார்கள்.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்: டெசிக்கேட்டரில் 30 நிமிடம், பிறகு தாமதமின்றி எடை. குறைத்தாலும் பிழை, ஆறிய பிறகு வெளியே வைத்துக்கொண்டு அரட்டை அடித்தாலும் பிழை. சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலிக் க்ரூசிபிளுக்கும் இதே விதிதான். அதையும் எரித்து, ஆறவைத்து, எடை நிலைபெறும்வரை மீண்டும் பார்க்க வேண்டும். எடை நிலைபெறுவது என்றால் என்ன என்று வைவாவில் கேட்பார்கள். உலர்த்தல் இழப்புக்கு (சூட்டில் உலர்த்தும்போது குறையும் எடைக்கு) உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்வது, அடுத்தடுத்த இரண்டு எடைகளுக்கிடையே வேறுபாடு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது. என் முதல் தேர்வில் கழித்தலாக வந்த வேறுபாடும் சரியாக ஐந்து மில்லிகிராம்தான் என்பதைப் பின்னர் கவனித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரண்டாம் முறை நாள் முழுவதையும் இந்த அரைமணித் துண்டுகளைச் சுற்றியே அமைத்துக்கொண்டேன். க்ரூசிபிள் டெசிக்கேட்டருக்குள் போனால் பேனா கையில் வரும். முதல் அரைமணியில் கொள்கையும் செய்முறையும் எழுதினேன், இரண்டாவதில் மைனர் சோதனையின் வினைபொருள்களை எடுத்துவைத்தேன், மூன்றாவதில் அட்டவணை போட்டேன். வேகமாக வேலை செய்பவர்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம். நான் மெதுவாக வேலை செய்பவன், ஒரே நேரத்தில் இரண்டு காரியம் ஓடாது, பக்கத்தில் ஆள் நின்றால் கை நடுங்கும். கூட்டுப் படிப்பும் எனக்கு ஒத்துவரவில்லை. நால்வர் சேர்ந்து படித்தால் நால்வரும் ஒரே தவறான விடையில் உறுதியாக இருப்பார்கள் என்பது என் அனுபவம்.

உலை சம்பந்தமாக இன்னொன்று. பத்துப் பேரின் க்ரூசிபிள்கள் ஒரே உலையில் நிற்கும். மார்க்கர் பேனாவால் எழுதிய எண் எரிந்து காணாமல் போய்விடும். ஃபெரிக் குளோரைடு கரைசலைக் குச்சியால் தொட்டு அடிப்பக்கத்தில் எண் எழுதி எரித்தால், இரும்பு ஆக்சைடாகிப் பழுப்பு நிறத்தில் நிலைத்து நிற்கும். காலி எடை எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

அமிலத்தில் கரையாத சாம்பல் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நீருக்குப் பதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், மற்றவை ஏறக்குறைய அதேதான். ஆனால் எது எதற்கு என்று தெளிவாக இருங்கள். மண்ணும் மணலும் கலந்திருந்தால் அமிலத்தில் கரையாத சாம்பல் ஏறும். சத்து உறிஞ்சப்பட்ட இஞ்சியை மறுபடி விற்றால் நீரில் கரையும் சாம்பல் இறங்கும். ரேவல்சின்னி போன்றவற்றில் கால்சியம் ஆக்சலேட்டின் அளவு மாதிரிக்கு மாதிரி மாறுவதால் மொத்தச் சாம்பலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இனி, பெயர் சொல்லாமல் கொடுக்கும் தூள். எல்லோரும் சோதனைக் குழாய்க்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். முதலில் நுண்ணோக்கிக்குப் போங்கள். அதிலும் ஒரு வரிசை உண்டு.

1. நீரில் ஒரு துளி அயோடின் சேர்த்து மவுண்ட் (கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பது): மாவுச்சத்து நீலமாகும். இது முதலில் வர வேண்டும், ஏனெனில் குளோரல் ஹைட்ரேட்டில் சூடாக்கினால் மாவுச்சத்து இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.
2. குளோரல் ஹைட்ரேட்: மெதுவாகச் சூடாக்கித் தெளிவித்து, படிகமாகாமல் இருக்க ஒரு துளி கிளிசரின். இலைத்துளைகள், தூவிகள், ஆக்சலேட் படிகங்கள் ஆகியவற்றை இதில் வரைந்துகொள்ளுங்கள்.
3. ஃப்ளோரோகுளூசினாலும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும்: லிக்னின் (செல் சுவரை மரமாக்கும் பொருள்) உள்ள இடம் சிவக்கும். ஆக்சலேட் படிகங்கள் அமிலத்தில் கரைந்துபோகும் என்பதால் இதைக் கடைசியில் வைக்கிறோம். கவர்ஸ்லிப்புக்கு வெளியே வழிந்த அமிலத்தைத் துடைக்காமல் லென்சுக்குக் கீழே தள்ளாதீர்கள்.

இலைத்துளை ஒன்றே பல நேரங்களில் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். சென்னாவில் (நிலாவரையில்) பாராசைட்டிக் (துளைக்கு இணையாக இரண்டு துணைச் செல்கள்), ஆடாதோடையில் டயாசைட்டிக் (குறுக்காக இரண்டு), பெல்லடோனாவில் அனைசோசைட்டிக் (மூன்று, அவற்றில் ஒன்று சிறியது), டிஜிட்டாலிஸில் அனோமோசைட்டிக் (தனித்துத் தெரியும் துணைச் செல் இல்லை). ஒரு பார்வைப் புலத்தில் ஒரே ஒரு துளையைப் பார்த்துவிட்டு எழுதாமல், குறைந்தது பத்தைப் பாருங்கள். இரண்டாம் முறை எனக்கு வந்த தூளில் துளைக்கு இருபுறமும் அதற்கு இணையாக இரண்டு துணைச் செல்களும், பரு படர்ந்த சுவருள்ள ஒற்றைச் செல் தூவிகளும் தெரிந்தன. அப்போதே சென்னா என்று மனத்துக்குப் பட்டுவிட்டதால், வேதிச் சோதனைக்குப் போனபோது ஆல்கலாய்டு (நைட்ரஜன் உள்ள காரச் சேர்மம்), சப்போனின் (நீரில் நுரைக்கும் சேர்மம்) என்று அலையாமல் நேரே சென்னாவிலுள்ள சேர்மவகையான ஆந்த்ராகுவினோனுக்கு, அதாவது போர்ன்ட்ரேகர் சோதனைக்குப் போக முடிந்தது. அமிலத்தில் கொதிக்கவைத்து, வடித்து, ஆறவைத்து, கரிம கரைப்பானில் பிரித்தெடுத்து, அம்மோனியா சேர்த்ததும் அம்மோனியா அடுக்கு ரோஜா நிறமானது. கற்றாழைப் பாலுக்கு இதே சோதனை பலிக்காது; அதிலுள்ள பார்பலாயின் சி-கிளைகோசைடு (சர்க்கரை கார்பனோடு நேரே பிணைந்து, அமிலத்தில் எளிதில் பிரியாத சேர்மம்) என்பதால் ஃபெரிக் குளோரைடு சேர்த்த மாற்றுச் சோதனை வேண்டும். இந்த ஒரு கேள்வியை இரண்டு தேர்விலும் என்னிடம் கேட்டார்கள்.

வேதிச் சோதனைகளில் ஏமாற்றும் இடங்கள் பல. மேயர், வாக்னர், ட்ராகன்டார்ஃப், ஹேகர் என்ற நான்கு ஆல்கலாய்டு வினைபொருள்களின் நிறங்களையும் ஒப்பிப்பவர்கள்கூட, புரதம் இருந்தாலும் வீழ்படிவு வரலாம் என்பதையும், காஃபீன் ஆல்கலாய்டாக இருந்தும் மேயருக்குப் பிடிகொடுக்காது, அதற்கு மியூரெக்சைடு சோதனை வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஃபெரிக் குளோரைடில் நிறம் வந்தால் பீனால் என்று மட்டுமே சொல்ல முடியும். டானின் (துவர்ப்புப் பொருள்) என்று எழுத ஜெலட்டின் சோதனையும் வேண்டும். சப்போனினுக்கு நுரை பார்க்கும் முன், வெறும் நீரை அதே குழாயில் குலுக்கிப் பாருங்கள். சோப்பு சரியாகக் கழுவப்படாத குழாய் எந்தத் தூளையும் சப்போனின் ஆக்கிவிடும்.

நுரைக் குறியீடு (தூளின் நுரைக்கும் திறனைக் காட்டும் எண்) மைனராக வந்தால் பத்துக் குழாயும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று முதலில் சரிபாருங்கள்: 16 சென்டிமீட்டர் உயரம், 16 மில்லிமீட்டர் விட்டம். ஒரு கிராம் தூளின் 100 மில்லி கஷாயத்தை 1, 2, 3 என்று 10 மில்லிவரை ஊற்றி, நீரால் எல்லாவற்றையும் 10 மில்லியாக்கி, குழாயை மூடி நீளவாக்கில் நொடிக்கு இரண்டு குலுக்கு வீதம் 15 நொடி குலுக்கி, 15 நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும். எந்தக் குழாயில் நுரை ஒரு சென்டிமீட்டர் நிற்கிறதோ அதிலுள்ள கஷாயத்தின் மில்லி அளவால் 1000-ஐ வகுத்தால் விடை. எதிலும் ஒரு சென்டிமீட்டர் எட்டாவிட்டால் சோதனை தோற்றது என்று பொருளில்லை. 100-க்குக் கீழ் என்று எழுதிவிட்டுப் போகலாம்.

கணக்கில் மதிப்பெண் போகும் இடம் சாறு மதிப்பு, அதாவது தூளிலிருந்து கரைப்பானில் கரைந்து வரும் பொருளின் விழுக்காடு. ஐந்து கிராம் தூள், 100 மில்லி கரைப்பான், 24 மணி நேரம் ஊறல். அதில் முதல் ஆறு மணி நேரம் அவ்வப்போது குலுக்கல். வடித்ததில் 25 மில்லியை மட்டும்தான் வற்றவைக்கிறோம். அதாவது தட்டில் நிற்பது 1.25 கிராம் தூளின் சாறு. எச்சத்தின் எடையை 80-ஆல் பெருக்கினால் விழுக்காடு வந்துவிடும். ஐந்து கிராமால் வகுத்து நூறால் பெருக்கி, விடை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனதைக் கவனிக்காமல் தாளைக் கொடுத்தவர்கள் என் வகுப்பிலேயே மூன்று பேர்.

உலர்த்தல் இழப்பில் ஒரு பொறி உண்டு. 105 டிகிரியில் குறையும் எடை முழுவதும் ஈரம் என்று எழுதாதீர்கள். கிராம்பில் நறுமண எண்ணெயே 15 முதல் 20 விழுக்காடுவரை இருக்கிறது. அதுவும் அடுப்பில் ஆவியாகும். அப்படிப்பட்ட சரக்குக்கு டொலுயீன் சேர்த்துக் காய்ச்சி, பிரியும் நீரின் அளவை நேரே குழாயில் படிக்கும் முறைதான் சரி. அந்த டொலுயீனை ஏன் முன்கூட்டியே நீரால் நிறைவுறச் செய்கிறோம் என்பது அடுத்த கேள்வியாக வரும். இல்லாவிட்டால் பிரிந்த நீரில் கொஞ்சத்தை டொலுயீனே கரைத்துக்கொண்டு அளவைக் குறைத்துவிடும்.

டி.எல்.சி. (மெல்லடுக்கு நிறப்பிரிகை) பற்றிச் சொல்ல அதிகமில்லை. பென்சில் கோடு, சிறிய புள்ளி, கரைப்பான் மட்டத்துக்கு மேலே புள்ளி, கலம் ஆவியால் நிறைந்த பிறகே தட்டு. ஆர்.எஃப். மதிப்பு (புள்ளி நகர்ந்த தூரத்தைக் கரைப்பான் நகர்ந்த தூரத்தால் வகுத்தது) ஒன்றுக்கு மேல் வந்தால் தாளைக் கொடுக்கும் முன் மீண்டும் வகுத்துப் பாருங்கள்.

வைவாவுக்கு நான் கடைசி இரவில் எழுதி வைத்திருந்த துண்டுத்தாளில் இருந்தவை: லைகோபோடியம் (நுண்ணோக்கியில் எண்ணி ஒப்பிடப் பயன்படும் வித்துத் தூள்) ஒரு மில்லிகிராமில் 94,000 வித்துகள், ஈயத்தின் மேல்வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.3 மில்லிகிராம், வீக்கக் குறியீட்டுக்கு (தூள் நீரில் ஊதும் அளவுக்கு) ஒரு கிராம், 25 மில்லி, ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கல், பிறகு மூன்று மணி நேரம் அசையாமல். இவற்றில் லைகோபோடியம் மட்டும் வந்தது. மீதி நேரம் முழுவதும் என் சாம்பல் அட்டவணையைப் பற்றியே கேட்டார்கள். இந்த முறை அதில் ஒவ்வொரு எடைக்கும் பக்கத்தில் டெசிக்கேட்டருக்குள் வைத்த நேரத்தையும் எடுத்த நேரத்தையும் எழுதியிருந்தேன். அடித்தல் திருத்தல் ஓரிடத்தில் இருந்தது. ஒற்றைக் கோட்டால் அடித்து, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியான எண்ணையும் கையொப்பத்தையும் போட்டிருந்தேன். தேர்வாளர் அந்த இடத்தில் விரலை வைத்து, ஏன் என்று கேட்டார். கதவைச் சாத்தாமல் தராசைப் படித்துவிட்டேன் என்று சொன்னேன். தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.