மூணு பேட்ஜ், ஒரு கவர்

2025 மே மாதம் எங்கள் தெரு கேரம் கிளப்பில் போட்டி வைத்தார்கள். புது வண்ணாரப்பேட்டையில் கேரம் போர்டு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா இந்தப் பக்கத்துப் பெண்தான். என் வீட்டுக்காரர் கிளப் கமிட்டியில் இருக்கிறார். நடுவர், ஸ்கோர் எழுதுகிறவர், தண்ணி கொடுக்கிற பையன் என்று முப்பது பேருக்குச் சட்டையில் குத்த பேட்ஜ் வேண்டும். பாரிமுனையில் நாலு கடை ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "நூறுக்குக் கம்மியா பண்றதில்ல சார்."

நூறு அடித்தோம். முப்பது போக மீதி எழுபது எங்கள் வீட்டுப் பரணில் ஏறியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனை. முப்பது கேட்கிறவங்களுக்கு முப்பது, ஒண்ணு கேட்கிறவங்களுக்கு ஒண்ணு என்று நாம் செய்து கொடுத்தால் என்ன? அந்த "ஒண்ணு"தான் பின்னாடி என் கழுத்தைப் பிடித்தது.

ஜூன் மாதம் சீட்டு எடுத்த பணத்தில் 8,500 ரூபாய்க்கு 58 எம்எம் மெஷின் வாங்கினேன். பேட்ஜில் 25, 32, 44, 58, 75 என்று பல அளவு உண்டு. நம் ஊரில் சட்டையில், பையில் அதிகம் பார்ப்பது 58தான், பொருளும் எளிதாகக் கிடைக்கும். ஒரு பேட்ஜுக்கு நாலு சாமான்: மேலே வருகிற தகர மூடி, பிரிண்ட் அடித்த பேப்பர், அதைக் காக்கிற மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் வட்டம், ஊக்கு வைத்த பின்பக்கம். பேப்பர் தவிர மீதி மூன்றும் செட்டாக நூறு நூறு பாக்கெட்டில் வரும். நான் வாங்கியதில் ஒரு செட் ஐந்து ரூபாய் ஆனது.

முதல் நாள் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் புதிதாக வாங்குகிற எல்லோரும் இதே இடத்தில்தான் விழுவார்கள். மெஷினில் கீழே இரண்டு குழி இருக்கும். முதல் குழியில் மூடி, அதன் மேல் பேப்பர், அதன் மேல் மைலார் வைத்துக் கைப்பிடியை அழுத்தினேன். தூக்கிப் பார்த்தால் குழி காலி. எங்கேயோ தெறித்து விழுந்துவிட்டது என்று கட்டிலுக்கு அடியில் தேடினேன். கிடைக்கவில்லை. சரி போகட்டும் என்று இன்னொரு செட் வைத்து அழுத்தினேன். மெஷின் கடக்கென்று நின்றது, கைப்பிடி மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. முதல் அழுத்தில் அந்த மூன்றையும் மேலே இருக்கிற டை (அச்சு) கவ்விக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. காணாமல் போகிற மாதிரிதான் இருக்கும். அப்புறம் இரண்டாவது குழியில் ஊக்கு வைத்த பாகத்தைப் போட்டு அழுத்தினால், மேலே ஒளிந்திருந்தது இறங்கி வந்து இதோடு சேர்ந்து மடிந்து பேட்ஜாகி விழும். நான் இரண்டு மூடியை ஒன்றன் மேல் ஒன்று திணித்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்து ஸ்க்ரூவைக் கழற்றி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

பேப்பரிலும் அடி வாங்கினேன். பிரிண்ட் கடையில் விசிட்டிங் கார்டு மாதிரி கெட்டியாக 300 ஜிஎஸ்எம் (பேப்பரின் கனத்தைச் சொல்கிற அளவு) போட்டுக் கொடுத்தார்கள், விளிம்பு மடியவே இல்லை. 100 முதல் 130 வரை உள்ள ஆர்ட் பேப்பர் போதும். பேட்ஜ் 58 என்றாலும் பேப்பரை 70 எம்எம் வட்டமாக வெட்ட வேண்டும். சுற்றி ஆறு எம்எம் பின்னால் மடிந்து போகும். டிசைனில் எழுத்தை ஓரத்தில் வைத்தால் அது பேட்ஜின் முதுகுக்குப் போய்விடும். ஏ4 தாளில் எட்டுதான் வரும். 12க்கு 18 இன்ச் தாளில் நாலுக்கு ஆறு என்று இருபத்து நாலு வரும், 25 ரூபாய். லேசர் பிரிண்ட்டாக எடுங்கள். இங்க்ஜெட்டில் எடுத்தது கொஞ்சம் ஈரம் பட்டதும் மைலாருக்குள்ளேயே பரவி, ஒரு குழந்தையின் முகம் நீலமாகிவிட்டது.

என் மாமியார் முப்பது வருஷம் எம்.சி. ரோடு ரெடிமேட் கடைகளுக்கு வீட்டில் உட்கார்ந்தே பட்டன், ஹூக் தைத்துக் கொடுத்தவர். இதெல்லாம் ஒரு வேலையா என்று ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார். எனக்கோ பத்தில் நாலு பேட்ஜ் கோணலாக விழுந்தது. ஊக்கு படத்துக்குக் கிடைமட்டமாக இல்லாவிட்டால், சட்டையில் குத்தும்போது முகம் சாய்ந்து நிற்கும். எட்டாவது நாள் அத்தை என் க்யூடெக்ஸை எடுத்து வந்து இரண்டு குழியின் விளிம்பிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். "படத்தோட தலையை இங்க வை. ஊக்கோட தலையை இங்க வை. அவ்ளோதான்." அன்றிலிருந்து அழுத்துகிற வேலை அவருடையது. ஒட்டிக்கொண்டு வருகிற மைலாரை அவர் கட்டைவிரலால் பிரிக்கிற வேகம் எனக்கு இன்னும் வரவில்லை.

டிசைனுக்கு முதலில் நடிகர் முகத்தைத்தான் போட்டேன். வேகமாக விற்றது. ஒரு நாள் பதிப்புரிமைப் புகார் என்று ஆன்லைனில் நான் போட்ட பதிவுகளைத் தூக்கிவிட்டார்கள், அத்தோடு அதை விட்டேன். அப்புறம் நானே வரைந்தேன்: 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனின் தூண்கள், கேரம் ரெட் காயின், அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் தட்டு, காசிமேட்டு மீன் வரிசை. மீன் பேட்ஜை எடுத்துக்கொண்டு பெருமையாக ஹார்பருக்கே போனேன். மீன் விற்கிற அக்கா ஒருத்தர் வஞ்சிரத்தைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இது இன்னா மீனு?"

"வஞ்சிரம்க்கா."

"வஞ்சிரத்துக்கு வாலாண்ட குட்டிக் குட்டியா செதிலு மாதிரி வரிசையா நிக்குமே, அது எங்க? நீ வரைஞ்சிக்கிறது ஷீலா மீனு."

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால் அவர் சொன்னது சரி. வாலுக்கு முன்னால் மேலும் கீழும் அந்தச் சின்னத் துடுப்புகளைச் சேர்த்துத் திரும்ப அடித்தேன். பழையது பதினாறு இருந்தது, அவற்றை "ஷீலா" என்று பெயர் மாற்றி விற்றுவிட்டேன்.

ஊக்கு பேட்ஜ் ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. அமெரிக்காவில் ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் கம்பெனி 1896-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியது, அதே வருஷம் அதிபர் தேர்தலில் நின்ற மெக்கின்லி, பிரையன் இரண்டு பேர் முகமும் சட்டையில் ஏறிவிட்டது. அப்போது மேலே செல்லுலாய்டு, இப்போது மைலார். சட்டைப் பையில் தலைவர் முகத்தைக் குத்திக்கொண்டு திரிகிற நம் ஊருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் நம் ஊரின் கடல் காற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆயிரம் செட் வாங்கி, கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம். மழைக்காலம் வந்தது. நவம்பரில் ஒரு பள்ளிக்கூடத்து விழாவுக்கு அறுபது பேட்ஜ் போனது. மறுநாள் அந்த டீச்சர் ஒரு போட்டோ அனுப்பினார்: வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பழுப்புப் புள்ளி. ஊக்கு துரு. ஒரு சட்டை இல்லை, பதினோரு சட்டை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொன்னேன், வேறென்ன செய்வது. மீதி ஊக்குகளில் முந்நூறுக்கு மேல் பழைய இரும்புக்காரருக்குப் போனது. இப்போது இருநூறுக்கு மேல் வாங்குவதில்லை. இறுக மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். புதுப் பாக்கெட் வந்தால் அதிலிருந்து இரண்டு ஊக்கை எடுத்து உப்புத் தண்ணி டம்ளரில் ராத்திரி முழுக்கப் போடுவேன். காலையில் தண்ணி டீ நிறமாக இருந்தால் பாக்கெட் திரும்பிப் போகும்.

இனி அந்த "ஒண்ணு" கதை. ஒரு பேட்ஜுக்குச் செட், பிரிண்ட், வீணாவது எல்லாம் சேர்த்து எனக்கு ஏழு ரூபாய் ஆகிறது. 30 ரூபாய் விலை வைத்தேன். நல்ல லாபம் என்று தோன்றும். கோயம்புத்தூருக்கு ஒன்று அனுப்ப ஸ்பீட் போஸ்ட் அப்போது 41 ரூபாய் 30 காசு. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அக்டோபர் 1 முதல் 50 கிராம் வரை உள்ளூருக்கு 19, வெளியூருக்கு 47, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வெளியூருக்கு 55 ரூபாய் 46 காசு ஆகிறது. "30 ரூபா பேட்ஜுக்கு 55 ரூபா தபாலா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு அதோடு காணாமல் போனவர்களை எண்ணி மாளாது. கோபத்தில் சாதாரணக் கவரில் தபால் தலை ஒட்டி ஆறு அனுப்பினேன். இரண்டு போய்ச் சேரவில்லை, ஒன்று கவர் கிழிந்து காலியாகப் போனது.

ஒரு ராத்திரி அத்தை சமையல் தராசில் பேட்ஜை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். ஒன்று 11 கிராம். மூன்று பேட்ஜ், ஒரு அட்டை, கவர் எல்லாம் சேர்த்து 46. நாலாவதை வைத்தால் 50 தாண்டி அடுத்த கட்டணம். "ஒண்ணுக்கும் மூணுக்கும் ஒரே காசுன்னா, ஒண்ண ஏன் அனுப்புற?" என்றார். மறுநாளே தனிப் பேட்ஜ் விற்பதை நிறுத்தினேன். மூன்று 150 ரூபாய், தபால் உட்பட. பேட்ஜ் 21, கவரும் அட்டையும் 6, தபால் 55.46 போக வெளியூர் ஆர்டரில் 67 ரூபாய் கையில் நிற்கிறது. சென்னைக்குள் என்றால் நூறு. ஊக்கு கவரைக் குத்தாமல் இருக்க அட்டையிலேயே குத்தி, முதுகில் இன்னொரு அட்டை வைத்து டேப் போடுகிறேன்.

இன்னொன்று, பாண்டிச்சேரி. முதல் ஆர்டர் வந்தபோது பக்கத்து ஊர்தானே என்று நினைத்தேன். கணக்குப் பார்க்கிற என் சித்தப்பா பையன்தான் தடுத்தான். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் வருஷத்துக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. மாநில எல்லை தாண்டி விற்றால் தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு வேண்டும். அந்தக் கணக்கில் பாண்டிச்சேரியும் வெளியூர் இல்லை, வெளி மாநிலம். "தமிழ்நாட்டுக்குள் மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறேன். பெங்களூருக்காரர்கள் திட்டுகிறார்கள். பதிவு எடுத்தால் தவறாமல் கணக்கு தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும், என் அளவுக்கு இப்போதைக்கு அது தாங்காது.

நிஜமான வருமானம் ஆன்லைனில் பார்த்துவிட்டு போன் செய்கிற விசேஷக்காரர்களிடம்தான். காதுகுத்துக்கு உறவுமுறை போட்ட பேட்ஜ் அத்தையின் யோசனை: தாய்மாமன், அத்தை, சித்தப்பா, பெரியம்மா, குழந்தை போட்டோவோடு. பாதிப் பணம் முன்னாடியே ஜிபேயில் வந்தால்தான் மெஷினைத் தொடுவேன். போன தை மாதம் வியாசர்பாடியில் ஒரு காதுகுத்து. நாற்பது பேட்ஜ், தாய்மாமன் ஒன்று. விசேஷத்தன்று காலை ஐந்தரைக்குப் போன்.

"அக்கா, இன்னொரு தாய்மாமன் வேணும்."

"லிஸ்ட்ல ஒண்ணுதானேம்மா குடுத்தே?"

"எங்க பெரியண்ணன் ஆறு வருஷமா பேசறதில்லக்கா. நேத்து நைட்டு சீரோட வந்து நிக்குறாரு."

அந்தத் தாளில் ஒரு வட்டம் மட்டும் வெட்டாமல் மிஞ்சியிருந்தது. ஆனால் அது "சித்தி". பிரிண்ட் கடை திறக்க ஒன்பது மணி ஆகும். அத்தை பல் தேய்த்துக்கொண்டே வந்து, கேரம் போட்டிக்கு அடித்த அந்த எழுபதில் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்தார். நடுவர் பேட்ஜ். நான் மிஞ்சியிருந்த அந்த "சித்தி" வட்டத்தை வெட்டித் திருப்பி, பின்னாடி வெள்ளைப் பக்கத்தில் என் மகளின் ஸ்கெட்ச் பேனாவால் "தாய்மாமன்" என்று எழுதினேன். அத்தை புதுச் செட் வைத்து அழுத்தினார். ஆறே காலுக்கு வீட்டுக்காரர் பைக்கில் கிளம்பினார். பழைய நடுவர் பேட்ஜையும் எதற்கும் இருக்கட்டும் என்று பையில் போட்டு அனுப்பினார் அத்தை.