கணக்கப்பிள்ளையின் தேர்தல் குறிப்புகள்

ஆகஸ்ட் 4

எங்கள் ரயில் வாரிய இயக்குநர் மறுபடியும் தேர்தலில் நிற்கிறார். நான் மறுபடியும் பொருளாளர். ஓய்வு பெற்ற தணிக்கையாளன் என்று தெரிந்தால் யார் விடுவார்கள்? சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் 'பார்ட்' ரயிலை நடத்தும் வாரியத்தில் ஓர் இடத்துக்குத்தான் இந்தப் பாடு. 9 வட்டங்கள், 9 இயக்குநர்கள், நான்காண்டுப் பதவி. டிக்கெட் விலையும் வரவுசெலவுத் திட்டமும் இவர்கள் கையில். வாக்குச்சீட்டில் மட்டும் எல்லாப் பெரிய பதவிகளும் முடிந்த பிறகு எங்கோ அடியில் இருக்கிறார்கள்.

இன்று முழுவதும் வாக்காளர் கையேட்டுக்கான அறிக்கையோடு மல்லுக்கட்டல். 200 சொற்கள்தான். கட்சியைச் சொல்லக் கூடாது, எதிர் வேட்பாளரைப் பற்றியும் பேசக் கூடாது. இரவு முழுக்க ஏன் ரயில் ஓடுவதில்லை என்பதை விளக்க இயக்குநர் ஆசைப்பட்டார்: பெரும்பாலான இடங்களில் போக ஒரு தடம், வர ஒரு தடம், நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் பராமரிப்பு வேலை. வெட்டிவிட்டோம். 'இரவு முழுக்க ரயில்' என்று வாக்குக் கொடுக்க மூன்று சொல் போதும். முடியாது என்பதற்கு ஒரு பத்தி வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 11

1972-இல் இதே நாளில்தான் முதல் ரயில் ஓடியது. நிலையத்தில் நோட்டீஸ் கொடுத்தோம், கட்டண வாசலுக்கு வெளியேதான். உள்ளே அனுமதி இல்லை. ஒருவர் நின்று பொறுமையாகக் கேட்டார், நல்ல கேள்விகளும் கேட்டார். எந்த வட்டம் என்றேன். மில்பிரே என்றார். அது சான் மட்டேயோ கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி). 1960-களின் தொடக்கத்திலேயே அந்தக் கவுண்டி திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. பிற்பாடு ரயில் போனது, ஓட்டு போகவில்லை. சாண்டா கிளாராக்காரர்களுக்கும் இதே கதி. வாரியத்துக்கு ஓட்டு மூன்று கவுண்டிகளுக்கு மட்டும்தான். வரி கட்டியவருக்கே ஓட்டு என்பது நியாயமாகத்தான் தெரிகிறது. தினமும் டிக்கெட் வாங்குபவர் கொடுப்பது பணமில்லையா?

(தண்டவாள அகலம் 1676 மில்லிமீட்டர், நம் ஊர் அகலப் பாதை அளவேதான். இதைச் சொன்னால் இங்கே யாரும் வியப்பதில்லை. எனக்கு அலுக்கவில்லை.)

செப்டம்பர் 20

நன்கொடை 100 டாலரைத் தொட்டால் கொடுத்தவரின் பெயர், முகவரி, தொழில், முதலாளி எல்லாவற்றையும் அறிக்கையில் எழுத வேண்டும். நம் ஊர் மொய்யில் ஒரு ரூபாய் கூட்டி 101 எழுதுவோம். இங்கே ஒரு டாலர் குறைத்து 99.

மாலையில் ஒரு தம்பி வந்தான். திருநெல்வேலிப் பையன், மென்பொருள் வேலை, தினமும் ரயிலில்தான் போகிறான். "அங்கிள், ஐம்பது டாலர் வைத்துக்கொள்ளுங்கள்" என்று நீட்டினான். வேலை விசா. பச்சை அட்டை இல்லாத வெளிநாட்டவரிடம் ஒரு டாலர்கூட வாங்கச் சட்டத்தில் இடமில்லை. திருப்பிக் கொடுத்தேன். முகம் சுருங்கிவிட்டது. சம்பளமில்லாமல் உழைக்கத் தடையில்லை என்றேன். சனிக்கிழமை காலை எனக்கு முன்பே வந்து நின்றான்.

அக்டோபர் 12

வாக்குச்சீட்டுகள் தபாலில் வீடு வீடாக வந்துவிட்டன. குன்றுமேல் தெருக்களில் நடந்தோம். அந்தப் பக்கம் ஓட்டு ஒழுங்காகப் போடுவார்கள், ரயிலில் ஏற மாட்டார்கள். ஒரு வீட்டில் தெருவிளக்கு எரியவில்லை என்று புகார். அடுத்த வீட்டம்மா பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்றார். இரண்டும் எங்கள் வாரியத்தின் வேலை இல்லை. இயக்குநர் சலிக்காமல் குறித்துக்கொள்கிறார். நானாக இருந்தால் இரண்டாவது வாசலிலேயே திரும்பியிருப்பேன்.

ஒரு பெரியவர் மட்டும் பணத்தைப் பற்றிக் கேட்டார். கொரோனாவுக்கு முன் இயக்கச் செலவில் பாதிக்கும் மேல் டிக்கெட் வருமானமே தாங்கியது, அலுவலகங்கள் காலியானபின் மத்திய அரசின் உதவிப் பணத்தில் ரயில் ஓடியது, அது நிரந்தரமில்லை என்று இயக்குநர் சொன்னார். "அப்படியானால் வரி கேட்பீர்கள்." "கேட்க வேண்டிவரும்." கதவு சாத்தப்பட்டது. ஓட்டு வேட்டையில் சொல்லும் பதிலா இது? ஆனால் இந்த மனிதருக்காக நான் ரசீது எழுதுவதே இதனால்தான்.

அக்டோபர் 25

தேர்தலுக்கு முந்தைய கடைசி கணக்கறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. இரவு மருமகன் சீண்டினார்: "உத்திரமேரூர்க் கல்வெட்டுப்படி உங்கள் ஆள் நிற்கவே முடியாது, மாமா. வாரியத்தில் இருந்தவர் மூன்று வருடம் ஒதுங்க வேண்டும்." உண்மைதான். கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் அதே கல்வெட்டு ஒதுக்குகிறது என்று நினைவுபடுத்தினேன்.

நவம்பர் 1

கையில் மிஞ்சியிருப்பது ஒரு சிறு அஞ்சலுக்குத்தான் காணும். குன்றுமேல் வீடுகளுக்கா, நிலையத்தை ஒட்டிய வாடகைக் குடியிருப்புகளுக்கா? ஓட்டுக் கணக்குப் பார்த்தால் குன்றுதான். இயக்குநர் குடியிருப்புகள் என்றார். காசோலையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேர்தல் நாள் முத்திரையுள்ள தபால் ஓட்டுகள் ஒரு வாரம் கழித்து வந்தாலும் எண்ணுவார்கள். அதனால் முடிவு அன்றிரவே தெரியும் என்று யாரும் என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.