வாயிற்சிரை வழியாக: வகுப்புக்கான நாட்குறிப்பு

பிப்ரவரி 4

உடலியங்கியல் வகுப்பு முடியும் நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, "ஊசியில் போடும் இன்சுலினும் கணையம் சுரக்கும் இன்சுலினும் ஒரே மூலக்கூறுதானே சார், போகும் வழி மாறினால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்டார். "கல்லீரலுக்குக் குறைவாகப் போய்ச் சேரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தவறான பதில் இல்லை, போதாத பதில்.

பிப்ரவரி 5

பலகையில் வரைய வேண்டிய படத்தை இன்று தாளில் வரைந்து பார்த்தேன். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் வாயிற்சிரை வழியாகவும் மீதி தமனி வழியாகவும் வருகிறது. கணையத்திலிருந்து திரும்பும் இரத்தமும் அந்தச் சிரையில்தான் கலக்கிறது. ஆகவே பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின் தசையை எட்டுவதற்கு முன் கல்லீரலைக் கடந்தாக வேண்டும். முதல் கடப்பிலேயே ஏறத்தாழ பாதியை அது பிடித்துச் சிதைத்துவிடுவதால், வாயிற்சிரையில் இன்சுலினின் அடர்த்தி பொதுச் சுற்றோட்டத்தில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்காக இருக்கிறது. தோலுக்கடியில் ஊசி போடும்போது இந்த வேறுபாடு போய்விடுகிறது. கல்லீரலுக்குப் போதிய அளவு கிடைக்க வேண்டுமானால், தசையும் கொழுப்புத் திசுவும் தேவைக்கு மேல் இன்சுலினில் நனைய வேண்டியிருக்கிறது. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் கல்லீரல் உண்டாக்கும் ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோனைக் கட்டுக்குள் வைக்கும் ஹார்மோன்) குறைந்தும், அதனால் கடிவாளம் தளர்ந்த வளர்ச்சி ஹார்மோன் கூடியும் காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிப்ரவரி 6

சி-பெப்டைடைப் பற்றி இரண்டு வரி போதும். இன்சுலின் உருவாகும்போது பிரியும் துண்டான, இன்சுலினுக்குச் சமமான எண்ணிக்கையில் சுரக்கும் இதைக் கல்லீரல் பெரும்பாலும் தொடுவதில்லை. கணையத்தின் சுரப்பை அறிய இதை அளப்பது அதனால்தான்.

பிப்ரவரி 10

குளுக்கோஸின் கதை சற்றுச் சிக்கலானது. ஒருவருக்கு ஒரு நாள் குளுக்கோஸ் நீரைக் குடிக்கக் கொடுத்து, இன்னொரு நாள் இரத்தச் சர்க்கரை அதே அளவில் ஏறி இறங்கும்படி சிரை வழியாகச் செலுத்தினால், குடித்த நாளில்தான் இன்சுலின் மிகுதியாகச் சுரக்கிறது. 1964இலேயே வெளிவந்த இம்முடிவுக்குக் காரணம், குடலிலிருந்து வரும் ஜிஐபி, ஜிஎல்பி-1 ஆகிய ஹார்மோன்கள். நாய்களில் செய்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன: கல்லீரலை அடையும் மொத்தக் குளுக்கோஸையும் இன்சுலினையும் மாற்றாமல் வைத்தாலும், குளுக்கோஸ் வாயிற்சிரை வழியாக வந்தால் கல்லீரல் அதைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. தமனியில் உள்ள குளுக்கோஸைவிட வாயிற்சிரையில் உள்ள அளவு மிகுந்திருப்பதையே அது உணவு வந்ததற்கான அறிகுறியாகக் கொள்கிறது போலும்.

பிப்ரவரி 13

கல்லீரலை "வடிகட்டி" என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வந்ததை மாற்ற வேண்டும். மாத்திரையாக விழுங்கிய ஈஸ்ட்ரடயோல் என்ற பெண்பாலின ஹார்மோனின் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் வீரியம் குறைந்த ஈஸ்ட்ரோனாக மாறிவிடுகிறது என்பது பாதிக் கதைதான். செறிவாக வந்து சேரும் அந்த ஹார்மோனுக்குக் கல்லீரல் தானே இலக்காகி, பாலின ஹார்மோன்களைப் பிணைக்கும் புரதத்தையும் சில உறைதல் காரணிகளையும் கூடுதலாக உண்டாக்குகிறது. தோலில் ஒட்டும் பட்டையிலிருந்து வரும் ஈஸ்ட்ரடயோல் நீர்த்த பின்பே கல்லீரலை அடைவதால் இவ்விளைவு மிகக் குறைவு. சிரைகளில் இரத்தம் உறையும் அபாயம் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் பட்டையை விரும்புவது இதனால்தான்.

பிப்ரவரி 14

படத்தை வரைந்து முடித்ததும் அதே மாணவி, "அப்படியானால் இன்சுலினை வாயிற்சிரைக்கே அனுப்பினால் என்ன சார்?" என்றார். வயிற்றறைக்குள் இன்சுலினைச் செலுத்தும் பம்புகள் ஏறத்தாழ அதைத்தான் செய்கின்றன. அங்கிருந்து அது பெரும்பாலும் வாயிற்சிரைக்குள் உறிஞ்சப்படுகிறது. ஆனால் அறுவை செய்து பொருத்த வேண்டும், குழாய் அடைத்துக்கொள்ளும், தொற்று வரலாம். இவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.