டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் மட்டும் காற்று வாங்கிய கேரவன் பம்ப்

பதினோரு நாள் கழித்து நேற்று சாயங்காலம் கேரவனின் சமையல் மேடைக் குழாயில் தண்ணீர் துப்பாமல், விட்டு விட்டு வராமல், ஒரே சீராக வந்தது. டேங்கில் கால் பங்குகூட இல்லை, அப்போதும் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன். ஒரு வேலை இன்னும் பாக்கி, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பம்ப் வழக்கமான 12 வோல்ட் டயாபிரம் வகைதான், உள்ளே ஒரு ரப்பர் சவ்வு ஆடி ஆடித் தண்ணீரை இழுத்துத் தள்ளும். குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் அழுத்தம் 55 பிஎஸ்ஐக்கு ஏறியதும் பிரஷர் ஸ்விட்ச் நிறுத்திவிடும். டேங்க் நிரம்பியிருந்தால் ஒரு குறையும் இல்லை. பாதிக்குக் கீழே போனதும் புஸ் புஸ் என்று காற்றும் தண்ணீரும் கலந்து வரும். கால்வாசிக்கு வந்துவிட்டால் பம்ப் பாட்டுக்கு ஓடும், தண்ணீர் ஏறாது, தானாக நிற்கவும் நிற்காது. அழுத்தம் ஏறினால்தானே ஸ்விட்ச் அணைக்கும்.

முதலில் கரண்ட்டைத்தான் பார்த்தேன். பம்ப் ஓடாமல் இருக்கும்போது மீட்டர் வைத்தால் 12.6 காட்டியது, அந்த எண்ணை நம்பி அடுத்த வேலைக்குப் போயிருந்தால் ஒரு கோளாறு அப்படியே தங்கியிருக்கும். குழாயைத் திறந்துவிட்டு, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வயர் முனையில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது 10.3, அதே நேரத்தில் பேட்டரியில் 12.4. நடுவில் 2 வோல்ட்டை முழுங்கியது எர்த் வயர். வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸில் முடுக்கிய இடத்தில், வயர் முனையில் இருக்கும் உலோக வளையம், அதாவது லக், பச்சை பூத்துக் கிடந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, புது லக் கிரிம்ப் செய்து முடுக்கியதும் 11.9 வந்தது. பம்பின் சத்தமே மாறிவிட்டது. வேலை முடிந்தது என்று கருவிகளை எடுத்து வைத்தேன். மறுநாள் டேங்க் பாதிக்கு இறங்கியதும் அதே புஸ் புஸ்.

அடுத்து டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் மேல் சந்தேகம். அதன் நடுவில் விரிசல் இருந்தால், நீர்மட்டம் விரிசலுக்குக் கீழே போன நொடியிலிருந்து காற்று வாங்கும். என் வண்டியின் அறிகுறி அச்சு அசலாக அதுவேதான். ஆனால் டேங்க் வண்டியின் தரைப்பலகைக்கு அடியில் இருக்கிறது, இறக்கி ஏற்ற ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அதனால் கை வைக்கும் முன் வாளி வைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இந்தப் பதினோரு நாளில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான்.

பம்பின் உள்வழியில் இருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உள்ளே ஓடும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் ஹோஸ் ஒன்றை நேராகப் பம்பில் மாட்டி, மறுமுனையை வாளியில் போட்டேன். வாளியை வேண்டுமென்றே வண்டிக்கு வெளியே, வெறும் தரையில், டேங்கின் அடிமட்டத்தைவிடக் கீழே வைத்தேன். பத்து எண்ணுவதற்குள் தண்ணீர் பிடித்துக்கொண்டது, ஒரு குமிழி இல்லை. ஆக, பம்பின் தலையும் உள்வால்வும் டயாபிரமும் நன்றாக இருக்கின்றன. இப்போது பம்புக்கு முன்னால் தூசியைப் பிடிக்கும் வலை ஃபில்டரை மட்டும் நடுவில் சேர்த்தேன்: வாளி, தெளிவான ஹோஸ், ஃபில்டர், மறுபடி தெளிவான ஹோஸ், பம்ப். ஃபில்டருக்கு முன்னால் சுத்தமான தண்ணீர், ஃபில்டரைத் தாண்டியதும் கடுகு மாதிரி குமிழிகள் வரிசையாக ஓடின. அந்த நிமிடத்தில் கிடைத்த நிம்மதி இருக்கிறதே! டேங்கில் கை வைக்கத் தேவையே இல்லை.

ஃபில்டர் கிண்ணத்தைத் திருகி எடுத்தால், இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் அதற்கான காடியில் உட்காராமல் ஓரிடத்தில் அலை மாதிரி தூக்கி நின்றது. போன முறை வலையைக் கழுவியபோது கையில் கிடைத்த சாதாரண கிரீஸைத் தடவியிருந்தேன். அந்த ஓ-ரிங் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். அதற்குச் சிலிகான் கிரீஸ்தான், அதுவும் குடிநீர்க் குழாய்க்கு ஆகும் வகை.

இத்தனை நாளும் ஒரு சொட்டு ஒழுகவில்லை, அதனால்தான் அந்தப் பக்கம் பார்வையே போகவில்லை. உறிஞ்சும் பக்கத்தில் பம்ப் ஓடும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு, தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். என் வண்டியில் டேங்க் பம்பைவிடக் கீழே இருப்பதால் பம்ப் நிற்கும்போதும் வெளியே தள்ள ஆளில்லை. சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி தேடுவதும் அழுத்தப் பக்கத்துக்கு மட்டுமே உதவும். இங்கே பூசினால் அதையும் சேர்த்து உறிஞ்சிவிடும். டேங்க் நிரம்பியிருந்தால் மேலே இழுக்க வேண்டிய உயரம் குறைவு, அதனால் கொஞ்சம் காற்று நுழைந்தாலும் பம்ப் சமாளித்தது. மட்டம் இறங்க இறங்க இழுவை கூடியது, காற்றும் கூடியது.

புது ஓ-ரிங் வாங்கும்போது பழையதை அளந்து வாங்கக் கூடாது, அது ஊதியிருக்கும். காடியின் விட்டத்தையும் அகலத்தையும் அளந்து வாங்கினேன், சரியாக உட்கார்ந்தது. வாளி யோசனை வருவதற்கு முன்பே அவசரப்பட்டு பம்பின் தலைப் பகுதியை ஆர்டர் செய்திருந்தேன். வந்தது வேறு மாடலுக்கானது, திருகுத் துளைகளே பொருந்தவில்லை, விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மோட்டார் லேபிளில் இருக்கும் எண்ணை, கோட்டுக்குப் பிறகு வரும் இலக்கங்கள் உட்பட, முழுதாக அனுப்பிக் கேளுங்கள். அப்புறம், ஃபில்டரையும் பம்பையும் இணைக்கும் கூம்பு வாஷர் வைத்த சுழல் நட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். அங்கே அடைப்பது வாஷர்தான், மரை இல்லை. கையால் முடுக்கினால் போதும், ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

அடுத்து, அழுத்தத்தோடு கொஞ்சம் தண்ணீரைச் சேமித்து வைக்கும் ஒரு சிறிய அக்குமுலேட்டர் டேங்க் வைக்கும் எண்ணம் இருக்கிறது. கை கழுவும் அளவுக்குக் குழாயை லேசாகத் திறந்தால் பம்ப் டக் டக் என்று விட்டு விட்டு அடிப்பது அதில் அடங்கும். அதற்கான இடத்தைக்கூட அளந்து வைத்துவிட்டேன், பம்புக்குப் பின்னால் ஒரு சாண் இருக்கிறது.

ஆனால் அதற்கு முன் பாக்கி வேலை. நேற்று இரவு எல்லாக் குழாயும் மூடியிருக்க, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் ஒரு நொடி ஓடி நின்றது. ஒன்று, பம்புக்குப் பிறகு எங்கோ கசிவு. இல்லையென்றால் தண்ணீரைப் பின்னால் போக விடாமல் தடுக்க பம்புக்குள் இருக்கும் செக் வால்வு பிடிக்காமல் தண்ணீர் டேங்குக்கே திரும்புகிறது. இன்று பம்பின் வெளிவழியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு மூடியைத் திருகி, ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். மூடி போட்ட பிறகும் ஓடினால் செக் வால்வு, ஓடாவிட்டால் குழாய் வழியைத் தேட வேண்டும். இதுவரை நாற்பது நிமிடம் ஆகிறது, சத்தம் இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போகும் சுடுதண்ணீர் லைனிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.