இரண்டாவது அடியில் மட்டும் வெடித்த தோட்டாக்கள்: ப்ரைமர் கருவியோடு ஒரு போராட்டம்

கடைசியில் அந்தத் தொல்லை ஒழிந்தது. நான் வீட்டிலேயே ரீலோடு செய்பவன், அதாவது சுட்ட பித்தளை உறையில் புது ப்ரைமர் (பின் அடித்ததும் பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி), பவுடர், குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குபவன். அந்தத் தோட்டாக்களோடு 223 ரெமிங்டன் போல்ட் ரைஃபிளில் (ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) பல மாதங்களாக என்னைப் படுத்திய விஷயம் இதுதான்: ட்ரிகரை இழுத்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருந்து தோட்டாவை எடுத்துப் பார்த்தால், ப்ரைமரில் அடி நன்றாகவே விழுந்திருக்கும். அதே தோட்டாவை மறுபடி உள்ளே வைத்து அடித்தால் ஒழுங்காக வெடிக்கும். போன வாரம் ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சி இடம்) கொண்டுபோன புதுத் தொகுதி முழுவதிலும் அப்படி ஒன்றுகூட வரவில்லை. அந்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

ரேஞ்சில் கேட்டவர்கள் எல்லோரும் இரண்டு பதில்தான் சொன்னார்கள். ஒன்று, ப்ரைமரை அடிக்கும் ஃபயரிங் பின்னின் ஸ்பிரிங்கை மாற்று. இரண்டு, ப்ரைமர் பிராண்டை மாற்று. ஸ்பிரிங் புதிது. ப்ரைமர் சிசிஐ கம்பெனியின் 450. அதன் கப் (வெளிக்கிண்ணம்) கனம் 25 தவ் (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நம்மூர் லேத் பட்டறைக் கணக்கு). சிசிஐ 400-இன் கப் 20 தவ்தான். அதனால் 450-ஐச் சந்தேகிப்பது நியாயமாகத்தான் படும். ஆனால் கனமான கப்தான் காரணம் என்றால் இரண்டாவது அடியில் மட்டும் ஏன் வெடிக்க வேண்டும்?

இந்தக் கேள்விதான் முடிச்சை அவிழ்த்தது. ப்ரைமருக்குள் அன்வில் என்று ஒரு சின்னத் தகடு இருக்கிறதல்லவா, அதன் கால்கள் கப்பின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்கள் ப்ரைமர் உட்காரும் குழியின் அடித்தளத்தைத் தொட்டு நிற்க வேண்டும். தொடாமல் இருந்தால், பின் அடிக்கும் வேகத்தில் பாதி ப்ரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். மருந்து நசுங்காது, வெடிக்காது. ஆனால் அந்த அடியால் ப்ரைமர் இப்போது அடிவரை போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்த அடிக்கு நல்ல பட்டடை கிடைத்துவிடுகிறது, வெடிக்கிறது. ஆகவே இரண்டாவது அடியில் வெடிக்கும் தோட்டா உங்களிடம் இருந்தால், பிராண்டைத் திட்டுவதற்கு முன் உட்கார்ந்த ஆழத்தை அளந்து பாருங்கள்.

அளந்தேன். காலிப்பரின் பின்பக்கக் கம்பியை இதற்கு நம்பாதீர்கள், இத்தனை சிறிய இடத்தில் அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் காட்டும். தட்டையான அடிப்பாகத்தில் டயல் இண்டிகேட்டர் பொருத்திய ஆழமானி வேண்டும். பிராஸின் (தோட்டாவின் பித்தளை உறை) அடிப்பரப்பில் பூஜ்யம் வைத்து ப்ரைமர் மேல் இறக்கினால் எத்தனை தவ் கீழே இருக்கிறது என்று நேராகவே தெரிந்துவிடும். நான் வேண்டுவது 3 முதல் 5 தவ் வரை கீழே. என் தொகுதியில் சில 5, சில 2, சில சமமட்டம். சமமட்டத்தில் இருந்தவைதான் ‘டிக்’ போட்டவை என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தபோது எல்லாமே ஒரே மாதிரி இருப்பதாகத்தான் தோன்றியது. செமி ஆட்டோ (சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் துப்பாக்கி) வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயம் இன்னும் முக்கியம். ஏஆர்-15-இல் பின் சுதந்திரமாக ஆடும், தோட்டா அறைக்குள் போகும்போதே ப்ரைமரில் லேசாகத் தட்டிப் புள்ளி வைக்கும். மேலே துருத்திக்கொண்டிருக்கும் ப்ரைமரோடு அதில் விளையாடவே கூடாது.

சரி, ஏன் ஆழம் மாறியது? இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்திருந்தன.

முதல் காரணம் பிராஸ். என்னிடம் இருப்பது பெரும்பாலும் லேக் சிட்டி பிராஸ். அடியில் எல்சி என்றும், ஆண்டின் கடைசி இரண்டு எண்களும், வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ முத்திரையும் இருக்கும். மிசௌரி மாநிலம் இண்டிபெண்டன்ஸில் உள்ள ராணுவத் தோட்டா ஆலை அது. 2020 அக்டோபரிலிருந்து வின்செஸ்டர் நிறுவனம் நடத்துகிறது. பிராஸின் தரத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ராணுவத் தோட்டா என்பதால் ப்ரைமர் கழன்றுவிடாமல் குழியின் விளிம்பை அதைச் சுற்றி உள்பக்கம் நசுக்கி கிரிம்ப் போட்டிருப்பார்கள். பழைய ப்ரைமரைத் தட்டி எடுத்த பிறகும் அந்த விளிம்பு உதடு மாதிரி உள்ளே மடிந்தே நிற்கும். அதை நீக்காமல் புது ப்ரைமரை அழுத்தினால் பாதி வழியில் இறுகும், சில நேரம் கப்பே நசுங்கும்.

நீக்க இரண்டு வழி: ரீமர் வைத்து வெட்டலாம், ஸ்வேஜ் செய்து தள்ளலாம். நான் ஸ்வேஜ் கட்சி. ரீமரில் கை கொஞ்சம் கூடினால் குழியின் வாய் அகன்றுபோகும், அப்புறம் அந்தப் பிராஸ் குப்பைக்குத்தான். ஸ்வேஜில் உலோகம் வெட்டப்படுவதில்லை, இருந்த இடத்துக்கே திரும்பத் தள்ளப்படுகிறது. டில்லன் சூப்பர் ஸ்வேஜ் 600 என் மேசையில் இருக்கிறது. பிராஸின் உள்ளே ஒரு கம்பி போய் அடிச்சுவரைத் தாங்கிக்கொள்ள, வெளியிலிருந்து உருளை முனை குழிக்குள் ஏறும். இதில் சொல்லாமல் விடுகிற நுணுக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தயாரிப்பாளரின் பிராஸிலும் அடிச்சுவரின் கனம் வேறு. எல்சிக்குச் சரியாக வைத்த அளவில் வேறு முத்திரை பிராஸைப் போட்டால் ஒன்று உருளை முழுதாக ஏறாது, இல்லையென்றால் அளவுக்கு மீறி ஏறி வாயை விரித்துவிடும். ஆகவே முத்திரைவாரியாகப் பிரித்துவிட்டுத்தான் நெம்புகோலைத் தொட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போக வழியில்லை. முடித்த பிறகு கோ, நோ-கோ கேஜ் (ஒரு பக்கம் குழிக்குள் நுழைய வேண்டும், மறுபக்கம் நுழையக் கூடாது என்ற அளவுக்கம்பி) போட்டுப் பார்க்கிறேன். நோ-கோ பக்கம் உள்ளே போனால் தயவு தாட்சண்யம் இல்லாமல் தூக்கிப் போடுகிறேன்.

அதன் பிறகு குழியின் அடி. ஆலையில் அச்சடித்த குழியின் அடி முழுத் தட்டையாக இருக்காது, ஓரத்தில் வளைந்திருக்கும். ஆழமும் ஒன்றுக்கொன்று சில தவ் மாறும். அன்வில் கால்கள் உட்காரும் இடம் அந்த ஓரம்தான் என்பதால் யூனிஃபார்மர் என்ற கார்பைடு வெட்டியை ஓட்டுகிறேன். ட்ரில்லில் மாட்டி மெதுவாக. முதலில் ஓரத்தில் ஒரு பளபளப்பு வளையம் தோன்றும், நடுப்பகுதி கருப்பாகவே இருக்கும். வளையம் விரிந்து அடி முழுவதும் ஒரே பளபளப்பானதும் நிறுத்த வேண்டும். வெட்டியில் நிறுத்து விளிம்பு இருப்பதால் மேலும் ஆழம் போகாது. ஒரு பிராஸுக்கு வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். அடுத்தடுத்த முறை அதே கருவி கரியைச் சுரண்டும் வேலைக்கு ஆகிறது.

இரண்டாவது காரணம் ப்ரைமரை உட்கார வைக்கும் கருவி. இதைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டும். நான் வைத்திருந்தது கையில் பிடித்து அழுத்தும் வகை. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். கைக்கருவியின் பெருமையாக எல்லோரும் சொல்வது ‘உணர்வு’. ப்ரைமர் அடியைத் தொடும் தருணம் விரலுக்குத் தெரியும் என்பார்கள். உண்மைதான், முதல் ஐம்பதுக்குத் தெரியும். அதன் பிறகு கட்டைவிரல் மரத்துப்போய், குழி இறுக்கமாக இருக்கும் பிராஸில் அந்த இறுக்கத்தையே குழியின் அடித்தளம் என்று கை நம்பிவிடுகிறது. என் கருவியின் நெம்புகோலிலும் தேய்மானம் வந்து, முழுதாக அழுத்தினாலும் ப்ரைமரைத் தள்ளும் கம்பி எட்ட வேண்டிய தூரத்தை எட்டவில்லை. போதாததற்கு ஷெல் ஹோல்டருக்குள் (பிராஸின் அடி விளிம்பைப் பிடிக்கும் துண்டு) பிராஸ் லேசாக மேலும் கீழும் ஆடும். விளிம்பின் கனம் பிராஸுக்குப் பிராஸ் மாறும்போது ஆழமும் கூடவே மாறிவிடும்.

எனவே ஆழத்தைத் திருகி வைத்து நிறுத்தும் வகைக்கு மாறினேன். இதில் விலை ஏணி ரொம்ப உயரம். ஃபிராங்க்ஃபோர்ட் ஆர்சனலின் பெர்ஃபெக்ட் சீட் கைக்கருவியிலேயே க்ளிக் க்ளிக்காக ஆழம் மாற்றலாம். மேசையில் பொருத்தும் வகையில் ஆர்சிபிஎஸ், லீ, ஃபோர்ஸ்டர் எல்லாம் உண்டு. உச்சியில் பிரைமல் ரைட்ஸ் கருவி, 600 டாலர் அளவில். போட்டிக்குச் சுடும் நண்பர் ஒருவர் தன்னிடம் இருந்த அந்த உச்சிக் கருவியை ஒரு வார இறுதிக்குக் கொடுத்தார். நெம்புகோலை இறக்கினால் ஓர் இடத்தில் திடமாக நிற்கிறது, அவ்வளவுதான். கையின் பலத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு க்ளிக் திருகினால் ஒரு தவ். அளந்து பார்த்தால் வரிசையாக 4, 4, 4, 5, 4. இந்த எண்களைப் பார்த்ததும் வந்த நிம்மதியை இந்த வேலை செய்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஆனாலும் நான் வாங்கியது அதை அல்ல, பெர்ஃபெக்ட் சீட்டை. குழியை யூனிஃபார்மர் ஓட்டிச் சமப்படுத்தி, பிராஸை முத்திரைவாரியாகப் பிரித்த பிறகு அதிலேயே 3-க்கும் 5-க்கும் நடுவில் நிற்கிறது. என் அபிப்பிராயம் உறுதியானது: குழி ஒழுங்காக இருந்தால் நடுத்தரக் கருவி போதும். குழி கோணலாக இருந்தால் 600 டாலர் கருவியும் அந்தக் கோணலுக்கு மேல்தான் ப்ரைமரை உட்கார வைக்கும்.

பிராண்ட் பற்றியும் இரண்டு வார்த்தை. சிறிய ரைஃபிள் ப்ரைமரும் சிறிய பிஸ்டல் ப்ரைமரும் அளவில் ஒன்றே, கப் கனம்தான் வேறு. ஆகவே பெட்டியிலிருந்து எடுத்தவற்றை வேறு பெட்டியில் போடும் பழக்கமே வேண்டாம். பெரியவற்றில் ரைஃபிள் ப்ரைமர் பிஸ்டல் ப்ரைமரைவிட உயரம் கூட, மாற்றிப் போட்டால் துருத்தும். ஏஆர்-15-க்கு சிசிஐ 41 என்று ராணுவ அளவுகோலில் வருவதைத்தான் நான் போடுகிறேன். போல்ட் ரைஃபிளுக்கு 450. ஃபெடரல் 205எம் துல்லியத்துக்குப் பெயர் பெற்றது, எனக்கும் பிடிக்கும். அதன் தட்டில் ப்ரைமர்கள் விளிம்பில் நிற்கும், பெட்டியும் மற்றவற்றைவிடப் பெரிது. சில கருவிகளின் குறிப்பேட்டில் ஃபெடரலைத் தட்டில் மொத்தமாகக் கொட்டாதீர்கள் என்று எச்சரிக்கையே இருக்கும். அதை மதியுங்கள். ஒன்று வெடித்தால் தட்டில் உள்ள மற்றவையும் தொடரலாம். கண்ணாடி போடாமல் நான் ப்ரைமர் தட்டைத் திறப்பதில்லை, வெடிமருந்து டப்பா அப்போது மேசையிலேயே இருக்காது. முடித்ததும் ஈயத்துக்கான சோப்பில் கை கழுவிய பிறகுதான் காபி டம்ளர்.

விலைதான் வயிற்றெரிச்சல். 2020-க்கு முன் ஆயிரம் ப்ரைமர் 30, 35 டாலருக்குக் கிடைத்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் 100 டாலரைத் தாண்டியும் கிடைக்கவில்லை. இன்றுவரை பழைய விலைக்கு அது இறங்கவே இல்லை. இணையத்தில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் தனி. அது பெட்டிக்கணக்கு என்பதால் இங்கே நாங்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ப்ரைமரும் பவுடரும் ஒரே ஆர்டரில் போட்டுப் பிரித்துக்கொள்கிறோம். போஸ்னியாவிலிருந்து வரும் ஜினெக்ஸ் ப்ரைமர் மலிவு, பிளிங்கிங்குக்கு (சும்மா பொழுதுபோக்காகச் சுடுவது) வாங்கி வைத்திருக்கிறேன். மொத்தமாகக் குவிக்கவும் முடியாது. தீ பாதுகாப்பு விதியான என்எஃப்பிஏ 495 வீட்டில் 10,000 ப்ரைமர் வரை என்கிறது.

புதிதாக ஆர்வப்பட்டு மெயில் போடும் தம்பிகளுக்கு ஒன்று. நான் எழுதுவது அமெரிக்க, அதிலும் டெக்சாஸ் நிலவரம். இங்கே சொந்த உபயோகத்துக்கு ரீலோடு செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதானால் தேவை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி, தோட்டா வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலும் வக்கீலிடம் கேட்காமல் இறங்காதீர்கள். நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் முதல் ரீலோடிங் பிரெஸ்ஸே வாங்கினேன். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அங்கே இதைச் செய்து பார்க்கும் பேச்சே வேண்டாம்.

எல்சி தொகுதியில் பாதிக்கு மேல் இன்னும் ஸ்வேஜ் ஆகாமல் வாளியில் கிடக்கிறது. ஆனால் மனசு அதற்குள் 6.5 க்ரீட்மோர் என்ற வேறொரு தோட்டா வகைக்குப் போய்விட்டது. லபுவா நிறுவனம் தருகிற அந்தப் பிராஸில் சிறிய ரைஃபிள் ப்ரைமர் குழிதான். ப்ரைமரின் நெருப்பு பவுடருக்குப் போகும் நெருப்புத் துளையும் சிறிது, 59 தவ்; வழக்கமானது 80. பழைய ப்ரைமரைத் தள்ளி எடுக்கும் வழக்கமான டீகேப்பிங் பின்னைச் செருகினால் பின் உடையும் அல்லது மாட்டிக்கொள்ளும், அதனால் மெல்லிய பின் ஆர்டர் போட்டிருக்கிறேன். அதில் 450, சிசிஐ பிஆர்4, 205எம் மூன்றையும் ஒரே ஆழத்தில் உட்கார வைத்து, கார்மின் ஸீரோ க்ரோனோவில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வேக வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். பிஆர்4 மட்டும் எங்கள் பக்கத்துக் கடைகளில் இல்லை. யாரிடமாவது ஒரு தட்டு உபரியாக இருந்தால் சொல்லுங்கள், டாலஸ் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.