ஜிடிஎல் எடுக்கப் போய், விற்ற காரைத் தேடி அலைந்தேன்

நேற்று மத்தியானம்தான் ஜிடிஎல், அதாவது மலேசியாவில் சரக்கு வண்டி ஓட்டும் வேலைக்கு வேண்டிய லைசன்ஸ், கிடைத்தது. ஐந்து வாரம் ஆகிவிட்டது. லாரிக்கு ஈ லைசன்ஸ் எடுத்தபோதுகூட நான் இவ்வளவு அலையவில்லை, மேட்டில் நிறுத்தி எடுப்பது, ரிவர்ஸ் எல்லாம் முதல் தடவையிலேயே பாஸ். ஆனால் ஈ மட்டும் வைத்துக்கொண்டு சரக்கு லாரி வேலைக்குப் போக முடியாது, பினாங்கு பிறையில் எந்த கம்பெனியிலும் முதலில் ஜிடிஎல்தான் கேட்கிறார்கள்.

ஜிடிஎல் வகுப்பில் ஒரு பிரச்சினையும் இல்லை. மெடிக்கல் பாரத்தில்தான் முதல் அடி. கிளினிக்கில் கண், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து டாக்டர் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டரில் இருந்தவர் பாரத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, முத்திரையில் டாக்டருடைய பதிவு எண் தெரியவில்லை என்று திருப்பித் தள்ளினார். மை காய்ந்த முத்திரை! அதற்காக அரை நாள் லீவு போனது. கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்கு முன்பே முத்திரையும் எண்ணும் தெளிவாக விழுந்திருக்கிறதா, எந்தக் கட்டமாவது காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்த தடவை போனால், என் பெயர் கருப்புப் பட்டியலில் இருக்கிறதாம். எனக்குத் தலை சுற்றிவிட்டது. நான் வாங்கிய சம்மனை (போக்குவரத்து அபராதத்தை) எல்லாம் அப்போதே கட்டியவன். விசாரித்தால், நான் மூன்று வருஷத்துக்கு முன் புக்கிட் மெர்தாஜாம் அண்ணன் ஒருவருக்கு விற்ற கெலிசா கார்தான் காரணம். காசை வாங்கினேன், சாவியைக் கொடுத்தேன், பெயர் மாற்றத்தை "அப்புறம் பார்ப்போம்" என்று விட்டேன். சிவப்பு விளக்குக் கேமராவில் அந்தக் கார் இரண்டு தடவை மாட்டியிருக்கிறது, சம்மன் என் பேரில். என் பழைய வீட்டு முகவரிக்குப் போன கடிதம் என் கைக்கு வரவே இல்லை. இதை கவுண்டரில் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். "சம்மன் இருக்கு, போய்க் கட்டு" என்பதைத் தவிர வேறு பதிலே இல்லை, எந்த வண்டி என்பதை நானே மைஜேபிஜே செயலியில் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

அந்த அண்ணன் நல்லவர், பணத்தை அவரே கட்டிவிட்டார். ஆனால் சம்மன் தீர்ந்த பிறகுதான் பெயர் மாற்றம், அதற்கு முன் கார் பரிசோதனை, பிறகு இரண்டு பேரும் மைகார்டோடு (அடையாள அட்டையோடு) போய்க் கைரேகை வைக்க வேண்டும். அவர் சிமெண்டு வேலை செய்கிறவர், விரல் ரேகை தேய்ந்து போயிருந்தது. மெஷின் மூன்று தடவை ஏற்கவில்லை. சட்டையில் துடைத்து, விரலை ஊதி, நான்காவது தடவை அழுத்தினார், ஏற்றுக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் பேரில் எத்தனை வண்டி இருக்கிறது, ஜேபிஜே சம்மன், போலீஸ் சம்மன் இரண்டும் என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். திங்கட்கிழமை எனக்கு வேலை ஆரம்பம், முதல் லோடு பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து.